மூலைப்பெட்டி ராணியின் இரண்டு விரல்கள்

மக்களே, நம்ம மூலைப்பெட்டி ராணி நாலு மாசத்துக்கு அப்புறம், இந்த வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிச் செய்தியில திரும்ப வர்றா, அதுவும் வலது கையோட வர்றா, இதை இன்னும் ஒரு நாள் வயித்துக்குள்ள வெச்சிருந்தா எனக்கு வயிறு வெடிச்சிடும்.

மன்றத்துல புதுசா சேர்ந்தவங்களுக்காக: டிவி செய்தியில கீழ மூலையில ஒரு சின்னப் பெட்டிக்குள்ள நின்னு, செய்தி பூராவையும் கையாலேயே சொல்ற சைகை மொழிபெயர்ப்பாளர்தான் நம்ம ராணி. இது அவளோட ரசிகர் மன்றம். உறுப்பினர்கள் நானூத்திப் பன்னெண்டு பேர். தலைவர், செயலாளர், போஸ்டர் ஒட்டுறவன் எல்லாம் நானே. இவ்வளவு நாள் உங்ககிட்ட மறைச்ச ஒண்ணை இப்ப சொல்லிடறேன். அவ என் கூடப் பிறந்த அக்கா. எனக்குப் பிறவியிலேயே காது கேக்காது. என்கிட்ட பேசுறதுக்குத்தான் அவ முதல்ல சைகை கத்துக்கிட்டா. அப்புறம் அதுவே வேலையாச்சு. அந்த வேலை நாலு வருஷம் முன்னாடி அவளை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு. (என் தமிழ் காதுல விழுந்த தமிழ் இல்ல, கமெண்ட்ல படிச்சுக் கத்துக்கிட்ட தமிழ். பிழை இருந்தா அது உங்க எல்லாரோட பிழை.)

"ராணி எங்க, ராணி எங்க"ன்னு ஜூலையில இருந்து கேட்டீங்க. பதில் நாங்க போட்டுக்கிட்ட கடிதங்கள்ல இருக்கு. அவகிட்ட கேட்டுட்டுத்தான் போடறேன். படிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சைகை தெரிஞ்சுக்கோங்க. எந்தப் புத்தகத்துலயும் இருக்காது, எங்க வீட்டுக்குள்ள நாங்களே பண்ணிக்கிட்டது. கட்டைவிரலும் நடுவிரலும் நுனியில தொட்டு, மிட்டாய் பிடிச்ச மாதிரி நெஞ்சுக்கு இழுத்தா, "வா". சின்ன வயசுல அவ மிட்டாயைக் காட்டித்தான் என்னைக் கூப்பிடுவா. விரல் எதுவும் தொடாம கையை அப்படியே நெஞ்சுக்குக் கொண்டு வந்தா, "போதும்". சாப்பாட்டுல சொல்றது, வயிறு நிறைஞ்சுடுச்சுன்னு.

ஏப்ரல்ல வீடியோ கால்ல நான் கேட்டேன்: "அக்கா, நான் அங்க வந்து உன்கூடவே இருந்துடட்டுமா?" அவ "போதும்"னா. நான் தலையை ஆட்டிட்டு கட் பண்ணேன். அவ நம்பரை மியூட்ல போட்டேன்.

இனிமே கடிதங்கள்.

*

ஜூன் 4

அன்பு வாலுக்கு,

அக்கா சுகம். நீ எப்படி, அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டு நான் போனில் அனுப்பிய பதினேழு செய்திகளையும் நீ பார்க்கவே இல்லை. அதனால்தான் காகிதம். காகிதத்தை மியூட் செய்ய முடியாது பார்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். மூன்றாவது மாடி, அதே ஒற்றை அறை. ஜன்னலுக்கு எதிரே சலவைக்கடை இருக்கிறதே, அதன் பெயர்ப் பலகைக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். நானும் வாசல் மணியை மாற்றிவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது.

அம்மா உன்னிடம் ஏதாவது சொன்னார்களா? எதையாவது யோசித்து நீயாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தால், எனக்கும் ஒரு வரி எழுது. ஏன் என்று கேட்க மாட்டேன். தெரிந்தால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவை முறைக்காதே.

உன் அக்கா

*

ஜூன் 15

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மா நல்லா இருக்காங்க. முழங்காலும் நல்லா இருக்கு. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியாச்சு.

இதோட நிறுத்தலாம்னுதான் பாத்தேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது. பஸ்ல எழுதினா எழுத்து மேலயும் கீழயும்தான் குதிக்கும். உன் எழுத்து ஒரே பக்கமா சாயுது. அந்த பஸ் நாள் பூரா ஒரே வளைவுல திரும்பிக்கிட்டே இருந்துச்சா?

அப்புறம், போன வாரம் வானிலையில நீ "மழை"யை இடது கையால போட்ட. மன்றத்துல ஒருத்தன் "ராணியைக் கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கு"ன்னு எழுதினான். ரசிகனாச்சே, விட்டுக்கொடுக்க முடியுமா? "அது ஸ்டைல்"னு அடிச்சு விட்டேன். ஸ்டைல்தானே?

கடையில வேலை எப்பவும் போல. உடைஞ்ச போனைக் கழட்டறேன், மாட்டறேன். முதலாளிக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா கால்குலேட்டரை எடுத்து நம்பரைத் தட்டிக் காட்டறார். அவருக்கு எல்லா விஷயமும் நம்பர்தான். அம்மாவுக்குத் தெரிஞ்சது நாலே நாலு சைகை: சாப்பிடு, குளி, படு, கரண்ட் பில். மத்ததெல்லாம் வாயைப் பெரிசாத் திறந்து கத்தறாங்க. எனக்கு அவங்க கடைவாய்ப் பல்லுதான் தெரியுது.

நான் ஒரு முடிவுக்கும் வரல. முடிவை நீதான் சொன்ன.

இப்படிக்கு
வாலு

*

ஜூன் 29

அன்பு வாலுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி வரியை மட்டும் நாலாவது முறையும் படித்தேன். புரியவில்லை. புரியாததைக் கேட்டால் கோபித்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன்.

ஒரு செய்தி. அடுத்த வாரம் முதல் பெட்டிக்குள் வேறொருவர் வருவார். எனக்கு விடுப்பு நிறையச் சேர்ந்துவிட்டது. எடுக்காவிட்டால் வீணாகிவிடுமாம். அதனால் கொஞ்ச நாள் ஓய்வு. உன் மன்றத்தாரிடம் கலவரம் வேண்டாம் என்று சொல்.

வீட்டில் எவர்சில்வர் டம்ளரை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டேன். கீழ்வீட்டுக்காரர், "மேல என்ன தினமும் பாத்திரக்கடை திறக்கறீங்க?" என்று கேட்டார். நல்ல மனுஷர்தான், தூக்கம் கெட்டால் யாருக்கும் எரிச்சல் வரும்.

அம்மாவிடம் நான் தினமும் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். எப்படிச் சொல்வாய்? அந்த நாலு சைகைக்குள் அடங்கும், முதல் சைகையிலேயே இருக்கிறது.

அன்புடன்
அக்கா

*

ஜூலை 8

அக்காவுக்கு,

நலம், நலமான்னு கேக்கற மூடு இல்ல.

யாரு அந்த மீசை? அவர் மீசை வாயை மொத்தமா மூடிடுது. பாதி அர்த்தம் வாயிலயும் புருவத்துலயும்தானே இருக்கு, அது அவருக்குத் தெரியாதா? "விலை ஏறுமா?"ன்னு கேள்வியா சொல்லணும், "விலை ஏறும்"னு சொல்லிட்டார். மன்றத்துல ரெண்டு பேர் பதறியடிச்சுக்கிட்டு வெங்காயம் வாங்கிட்டு வந்துட்டாங்க.

விடுப்பு நிறையச் சேர்ந்துடுச்சுன்னா இங்க வரலாம்ல? நாலு வருஷத்துல ரெண்டே தடவைதான் வந்திருக்க. ரெண்டு தடவையும் கிளம்பற அன்னிக்கு நான் கழிவறைக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டேன். அழுதேன்னு நினைச்சுக்காத. வயிறு சரியில்ல.

எனக்கு ஒண்ணு தோணுது. உனக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கற. நல்ல விஷயம்தானே. அங்க என்னை வெச்சுக்க இடம் இருக்காதுன்னு நேரா சொல்லியிருக்கலாம். ஒரு தடவை கேட்டதுக்கு பதில் கிடைச்சுட்டா நான் மறுபடி கேக்க மாட்டேன், உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு மீசை இருந்தா கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்.

வாலு

*

ஆகஸ்ட் 17

அன்பு வாலுக்கு,

நாற்பது நாளாகப் பதில் போடவில்லை. உனக்குக் கோபம் இருக்கும், அது நியாயம்தான். இந்த ஒரு கடிதத்தை எழுத நாலு நாள் ஆகிறது. நாலைந்து வரி எழுதிவிட்டு நிறுத்துகிறேன், அவ்வளவுதான் முடிகிறது.

மாப்பிள்ளையும் இல்லை, மீசையும் இல்லை. வலது கை போய்விட்டது. வெட்டுப்பட்டுப் போகவில்லை, பயப்படாதே. மரத்துப் போகிறது. மாசியில் கட்டைவிரலில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. பிறகு மூன்றரை விரல்களுக்குப் பரவியது. சுண்டுவிரல் மட்டும் தப்பித்துவிட்டது. இந்தக் கடிதங்களை எல்லாம் இடது கையால்தான் எழுதுகிறேன். பஸ் எங்கேயும் திரும்பவில்லை.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். "மணிக்கட்டுக்குள்ள ஒரு சின்னச் சுரங்கம் இருக்கும்மா. ஒன்பது கயிறும் ஒரு நரம்பும் அதுக்குள்ளதான் போகுது. வீக்கம் வந்தா கயிறுக்கு ஒண்ணும் ஆகாது, நரம்புதான் நசுங்கும். கார்பல் டனல்னு சொல்வோம்." சுண்டுவிரலின் நரம்பு சுரங்கத்துக்கு வெளியே வேறு பாதையில் போகிறதாம். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை எப்போதும் தப்பித்துக்கொள்ளும், உன்னைப்போல.

ஆறு வாரம் மணிக்கட்டு அசையாமல் பட்டை கட்டிக்கொண்டு படுத்தேன். பெரிய மாற்றம் இல்லை. இப்போது ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். மணிக்கட்டில். அது கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை. எனக்கு ஊசி என்றாலே பயம். அந்தச் சுரங்கத்தில் நரம்புக்கு ஒரு மயிரிழை தள்ளித்தான் ஊசி போக வேண்டுமாம். மயிரிழை பிசகினால் என்ன ஆகும் டாக்டர் என்று கேட்டேன். "பிசகாமப் பாத்துக்கத்தானே நான் இருக்கேன்?" என்றார்.

உன்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை? என் கை உன்னிடம் பேசுவதற்காகவே பழகிய கை. அது திக்குவதை நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். வீடியோவில் வராமல் இருந்ததும் அதற்காகத்தான்.

நீ சிரிப்பதற்கு ஒன்று சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொடச் சொன்னார் டாக்டரம்மா. வரிசையாகத் தொட்டேன். "தொட்டாச்சா?" என்றார். "தொட்டாச்சு டாக்டர்" என்றேன், தேர்வில் முதல் மாணவி மாதிரி. "இப்பக் கண்ணைத் திறங்க" என்றார். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. தொட்டதாக நானே முடிவுகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சிரித்தாயா? அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அக்கா,

நான் சிரிக்கல.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ஏப்ரல்ல நாம கடைசியா வீடியோவுல பேசினோம்ல. அன்னிக்கு நான் கேட்டதுக்கு எந்தக் கையால பதில் சொன்ன? நல்லா யோசிச்சுச் சொல்லு. ஏன்னு இப்பக் கேக்காத.

ஊசி விஷயமா நெட்ல ஒரு நாள் பூரா உக்காந்து படிச்சேன். முதல்ல "ஸ்டீராய்டு"ன்னு போட்டதும் வரிசையா ஜிம் ஆளுங்க, கழுத்தே இல்லாம வந்து நின்னாங்க. அக்கா இப்படித் திரும்பி வந்தா பெட்டிக்குள்ள எப்படி அடங்குவான்னு பயந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இது அது இல்ல, இது வீக்கத்தை இறக்கற வகை. நிறைய பேருக்குக் கேக்குதாம். சில பேருக்குச் சில மாசம்தானாம். பயப்படாத. நான் ஒரு போனுக்குள்ள நூலை விட மெல்லிசான வயரைப் பக்கத்து வயர்ல படாம எடுக்கறேன். பழகின கைக்குத் தெரியும். உன் டாக்டரம்மாவுக்கும் தெரியும்.

அம்மாகிட்ட சொல்லல. ஆனா உன் கடிதத்தை ஒளிச்சு வெச்ச இடத்துல பாத்தா அது மடிப்பு மாறியிருக்கு. படிச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்காங்க. நேத்து சும்மா டிவி பாத்துக்கிட்டிருந்தவங்க, தன் மணிக்கட்டைத் தானே அமுக்கிப் பாத்துக்கிட்டாங்க.

எந்தக் கைன்னு எழுது.

வாலு

*

செப்டம்பர் 9

அன்பு வாலுக்கு,

வலது கைதான். நமக்குள் பேசுவதற்கு எப்போது நான் இடது கையை எடுத்தேன்? ஏன் கேட்டாய்?

நாலு நாளைக்கு முன் ஊசி போட்டாயிற்று. சின்ன அறை, ஒரு மேசை, சுவரில் போன வருஷத்து நாள்காட்டி. சுருட்டிய துண்டின் மேல் என் கையை மல்லாக்கப் போட்டார்கள். உள்ளங்கை மேலே பார்த்துக்கொண்டு, யாரிடமோ எதையோ கேட்பதுபோல இருந்தது. "விரல்ல ஷாக் அடிச்ச மாதிரி இருந்தா உடனே சொல்லணும், கையை இழுக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. "பயமா இருந்தா பத்து எண்ணுங்க." எண்ணினேன். நர்ஸ் கேட்டாள், "எண்ணுங்கன்னா ஏன் மேடம் அந்தக் கையை ஆட்டறீங்க?" இடது கையால் சைகையில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பயத்தில் எனக்கு வாய் வரவில்லை, நம் மொழிதான் வந்தது.

ஏழு வரை எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. அன்று இரவும் மறுநாளும் முன்னைவிட அதிகமாக வலித்தது. அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார். இப்போது வலி குறைந்திருக்கிறது, ஆனால் விரல்களில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. காலையில் பித்தானைப் போட ஐந்து நிமிஷம் ஆனது. காத்திருக்க வேண்டும் என்கிறார். காத்திருப்பதில் எனக்கு ஏப்ரலிலிருந்தே பழக்கம்.

ஏன் கேட்டாய் என்று எழுது.

அக்கா

*

செப்டம்பர் 16

அக்கா,

சொல்றேன். எழுத முடியாம மூணு தாளைக் கிழிச்சாச்சு, இது நாலாவது.

அன்னிக்கு நான் "அங்க வந்து உன்கூடவே இருந்துடட்டுமா"ன்னு கேட்டேன். உன் கை நெஞ்சுக்கு வந்துச்சு. விரல் எதுவும் தொடல. கை திறந்தே இருந்துச்சு. நம்ம வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்?

"போதும்."

நாலு வருஷமா வீடியோவுல என்னோட லொட லொடன்னு பேசிப் பேசி உனக்கு வயிறு நிறைஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். சரி, நியாயம்தான், எத்தனை நாளைக்குத்தான் அக்காவோட கையையே பாத்துக்கிட்டிருக்கறதுன்னு கட் பண்ணிட்டேன். ஆனா மன்றத்தை மட்டும் மூட முடியல. ஏழு மணிக்கு டிவி போடாம இருக்க முடியல. செய்தி என்னன்னு கேட்டா ஒண்ணுமே தெரியாது. கையை மட்டும்தான் பாப்பேன். அம்மா பக்கத்துல உக்காந்து என்னையே பாப்பாங்க.

இப்ப கேக்கறேன். ஒரு தடவை கேட்டா மறுபடி கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கறேன். அன்னிக்கு நீ என்ன சொன்ன?

வாலு

*

அக்டோபர் 12

அன்பு வாலுக்கு,

முதலில் எழுத்தைப் பார். பார்த்தாயா? அதற்குப் பிறகு படி.

உன் கடிதம் வந்த அன்றே இடது கையால் ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. நீ கேட்ட கேள்விக்கு எந்தக் கை தப்பாகப் பதில் சொன்னதோ அந்தக் கையே சரியாகச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். உன்னைத் தவிக்க விட்டது தப்புதான், திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஊசி போட்டுப் பதினோராம் நாள். பிளாஸ்டிக் டம்ளரில் வெந்நீரை ஊற்றி எடுத்தேன். நடுவிரல் சுட்டது. சுட்டது என்று தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன், பைத்தியம் மாதிரி. பிறகு மெல்ல மெல்ல மற்ற விரல்கள். நேற்று ஊசியில் நூல் கோத்தேன். இன்று பேனா.

இப்போது உன் கேள்வி. அன்று நான் "வா" என்றேன்.

நன்றாக, அழுத்தி, மிட்டாயைப் பிடித்து நெஞ்சுக்கு இழுத்தேன் என்றுதான் ஆறு மாதமாக நினைத்திருக்கிறேன். நான் என் கையைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தலையை ஆட்டிவிட்டு கட் செய்தாய். சரி, பையன் பெட்டி கட்ட ஓடிவிட்டான் என்று நினைத்தேன்.

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வாசல் மணியோடு ஒரு விளக்கைச் சேர்க்கச் சொன்னேன். வெளியே யாராவது மணியை அழுத்தினால் உள்ளே சுவரில் சிவப்பாக மினுக்கும். "உங்களுக்குத்தான் காது நல்லாக் கேக்குதே, எதுக்கு மேடம் இது?" என்றார். "வர்றவனுக்கு" என்றேன். ஜன்னலோரம் ஒரு கட்டில் போட்டேன். அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்தேன். மே வந்தது, ஜூன் வந்தது, நீ வரவில்லை. அம்மா தடுத்திருப்பார்கள், அல்லது உனக்கே மனசு மாறியிருக்கும் என்று நினைத்தேன். கூப்பிட்டும் வராதவனை இரண்டாம் தடவை எப்படிக் கூப்பிடுவது? நீ மட்டும்தான் ரோஷக்காரன் என்று நினைக்காதே, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

பால்காரர் மணி அடித்தால் சுவர் சிவக்கிறது. காதில் மணி விழுந்த பிறகும் நான் அந்த விளக்கைத்தான் பார்க்கிறேன்.

அம்மாவைத் தனியாக விட்டு வரச் சொல்வதும் சரியா என்று தெரியவில்லை. அவர்களிடம் பேசு. நாலு சைகை போதாதென்றால் எழுதிக் காட்டு.

அக்கா

*

அக்டோபர் 20

அக்கா,

எழுத்தைப் பாத்தேன். அச்சு மாதிரி நேரா நிக்குது. மூக்கு கிட்ட வெச்சுப் பாத்தேன், மோந்தும் பாத்தேன், ரசிகன் என்ன வேணாப் பண்ணுவான்.

பாதி வரைக்கும்தான் நின்னுக்கிட்டே படிக்க முடிஞ்சுது. விளக்கு வந்ததும் உக்காந்துட்டேன். முதலாளி வந்து தோளைத் தட்டினார், கால்குலேட்டர்ல 1 தட்டிக் காட்டினார். ஒரு நாள் லீவாம். அவர் கையால எனக்குக் கிடைச்ச மிக நீளமான வசனம் அதுதான்.

அம்மாகிட்ட எல்லாத்தையும் எழுதிக் காட்டினேன். படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "உங்களுக்கு யாரு?"ன்னு எழுதினேன். அதுக்கு அவங்க கீழ எழுதினது: "எனக்கு வாய் இருக்குடா, தெரு பூரா ஆள் இருக்கு. உனக்கு அவ மட்டும்தான் இருக்கா."

ராணி எங்கன்னு மன்றத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க, நம்ம கடிதங்களையே அங்க போட்டுடட்டுமா? இப்ப ஒரு கண்டிஷன். நீ காகிதத்துல எழுதின "வா" செல்லாது. விரல்ல சொன்னது விரல்லதான் திருத்தணும். அதுவும் சும்மா வீடியோவுல இல்ல. நீ ராணி, உன் பெட்டியில நின்னு சொல்லு.

வாலு

*

அக்டோபர் 30

அன்பு வாலுக்கு,

உன் திமிருக்கு அளவே இல்லை. சரி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிச் செய்திக்கு என்னைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்ன பிறகு பெட்டி மூட இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடி என்னுடையது. தயாரிப்பாளர் கேட்டால் கை அரித்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். இரண்டு நாளாக மாலையில் நடுவிரல் நுனி லேசாக மந்தமாக இருக்கிறது. டாக்டரம்மா முன்பே சொன்னார்: "ஊசி வீக்கத்தைத்தான் இறக்கும்மா, சுரங்கத்தை அகலமாக்காது. சிலருக்கு வருஷக்கணக்குல பலன் நிக்கும், சிலருக்கு சில மாசத்துல வீக்கம் திரும்பிடும். திரும்பினா இன்னொரு ஊசி, இல்லேன்னா ஆபரேஷன்." அரைமணி நேரம் செய்தி சொல்லிக் களைத்த கை, கடைசி இரண்டு நொடியில் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. இந்தத் தடவை என் கையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

உன் மன்றத்தில் கடிதங்களைப் போடட்டுமா என்று கேட்டாயே, போடு. கை மரத்துப்போய் சும்மா உதறிக்கொண்டு திரிகிறவர்கள் யாராவது படித்தால் நல்லது. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். என்னை நானே படிக்க எனக்கு வெட்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெட்டியைப் பார்.

அக்கா

*

அவ்வளவுதான் மக்களே. இந்தக் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடல. நானே போறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி பஸ். டிக்கெட் சட்டைப்பையில இருக்கு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேன். அக்காவுக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில மூணாவது மாடியில அந்த விளக்கு மினுக்கும்போது பால்காரர்னு நினைச்சுக்கிட்டு வந்து திறப்பா.

"அப்ப செய்தியை யாரு பாக்கறது, சனிக்கிழமை டிக்கெட் எடுத்திருக்கலாம்ல"ன்னு கேப்பீங்க. யோசிச்சேன். அப்படி எடுத்தா, விரல் தொட்டாத்தான் கிளம்புவேன்னு ஆயிடும். தொடலைன்னாலும் அந்தக் கை என்ன சொல்லுதுன்னு எனக்கு இப்பத் தெரியும். அதான் அவ சொல்றதுக்கு முன்னாடியே ஏறிடறேன்.

பெட்டி கட்டும்போது அம்மா வாசல்ல நின்னாங்க. கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்தாங்க, தன் நெஞ்சுல வெச்சாங்க, அங்கிருந்து என் பக்கமாத் தள்ளிவிட்டாங்க. அந்தச் சைகையை யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. அவங்களுக்குத் தெரிஞ்ச சைகை இப்ப அஞ்சு.

ஏழு மணிக்கு பஸ் காட்டு வழியில போயிட்டிருக்கும். அஞ்சு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் சிக்னல் கிடையாது. அதனால உங்க நானூத்திப் பன்னெண்டு பேர்கிட்டயும் கேக்கறேன். இதைத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்புங்க, ராணிக்கு மட்டும் போக வேணாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் டிவி முன்னாடி உக்காருங்க. செய்தி வாசிக்கிறவரைப் பாக்காதீங்க. வணக்கம் சொன்னதும் சேனலை மாத்தாதீங்க, கீழ மூலையில ரெண்டு நொடி கண்ணை எடுக்காம பாருங்க. பாத்துட்டு இங்க கீழ எழுதுங்க. பத்து மணிக்கு சிக்னல் வந்ததும் நான் முதல்ல திறக்கப்போறது இந்தப் பக்கத்தைத்தான்.

பெரிசா எதுவும் எழுத வேணாம். தொட்டுச்சா, தொடலையா, அது மட்டும் சொல்லுங்க.